கள்வனாகக் கட்டுண்ட மழைக்கடவுள்: காட்மாண்டுவில் எட்டு நாட்கள்

பசுபதிநாதரைத் தரிசித்துவிட்டு நான்கே நாட்களில் திரும்பிவிடுவது என்பதுதான் 2024 செப்டம்பரில் நானும் என் அத்தையும் போட்டிருந்த திட்டம். மாமா அதற்கு முந்தைய ஐப்பசியில் காலமானார். ஆண்டுத் திதி முடியாத வீட்டில் பண்டிகை கிடையாது, மலைக்கோயில் கிடையாது என்பதால் அத்தை பத்து மாதங்களாகச் சீர்காழியை விட்டு நகரவில்லை. "பசுபதி ஆத்தங்கரையிலதானே இருக்காரு, மலைமேல இல்லையே" என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டுதான் அவர் என்னுடன் விமானம் ஏறினார். போய் இறங்கிய ஊரில் மறுநாளே மழைக்கடவுளான இந்திரனுக்கு இந்திர ஜாத்ரா என்னும் எட்டு நாள் தெருவிழா தொடங்குகிறது என்பதும், துக்க வீட்டாரை ஒதுக்கிவைக்காமல் அவர்களை முதலில் நடக்கவிடும் விழா அது என்பதும் எங்களுக்குத் தெரியாது. திரும்பும் சீட்டை மாற்றியதற்குக் கட்டிய தண்டத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அத்தை படித்தால் பாதியைத் தர முன்வருவார்.

செப்டம்பர் 14, சனி

முதல் இடர் என் கைப்பையிலேயே இருந்தது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்கு நேபாளத்தில் 2018 முதல் அப்போது வரை அனுமதி இல்லாதிருந்ததை, முப்பத்திரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி மேசைமேல் வைத்த பிறகுதான், பணம் மாற்றும் கடைக்காரர் கனிவான இந்தியில் விளக்கினார். தாள்களை அவர் தொடக்கூட இல்லை. விரல் நுனியால் என் பக்கமாகத் தள்ளிவிட்டு, தானியங்கி இயந்திரம் இருக்கும் திசையைக் காட்டினார். அத்தையின் சுருக்குப்பையில் பத்தும் இருபதும் ஐம்பதுமாக இருந்த சில்லறை நோட்டுகள்தான் அன்று மாலை வரை எங்களைக் காப்பாற்றின. ஓர் இந்திய ரூபாய்க்கு 1 ரூபாய் 60 காசு நேபாளப் பணம் என்பது மாறாத கணக்கு. அதை இரண்டாம் நாளே அத்தை மனத்தில் போடப் பழகிவிட்டார். நான் கடைசி நாள் வரை கைப்பேசியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தங்கியது பசந்தபூர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஜோச்சேன் தெருவிலுள்ள ஒரு குறுகலான பழைய வீட்டில். வீட்டுக்கார அம்மாள் காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் இனத்தவர், அறுபது வயதிருக்கும். அத்தையைப் பார்த்ததும் 'ஆமா' என்று அழைத்தார். நேபாளியில் அம்மா என்று பொருளாம். இரவுச் சாப்பாட்டுக்குச் சோறும் பருப்பும் குந்துருக் என்னும் புளிப்பேறிய உலர்கீரைச் சாறும் வந்தன. தட்டு 300 ரூபாய். சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தன. குந்துருக்கை முதலில் மோந்து பார்த்துத் தள்ளிவைத்த அத்தை, பிறகு அதை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையில் பாண்டு வாத்திய ஓசை எழுப்பிவிட்டது. அனுமான் தோகா அரண்மனையின் முன்வெளியில், கறுப்புச் சீருடையும் பழங்காலத் தொப்பியும் அணிந்த சிப்பாய்கள் வரிசையாக நிற்க, பட்டை உரித்த நீண்ட மரம் ஒன்றைக் கயிறு கட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். யோசிங் என்று அதற்குப் பெயர். காட்மாண்டுவுக்குக் கிழக்கே சுமார் 29 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாலா என்னும் ஊரின் காட்டில் வெட்டி, ஆட்கள் வடம் பிடித்துக் கட்டம் கட்டமாக இழுத்து வந்த மரம் அது. எந்த மரம் என்பதை ஆடு ஒன்றைக் காட்டில் விட்டு, அது உரசும் மரத்தைக் கொண்டு முடிவு செய்வது வழக்கம் என்று பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார். வடம் இழுத்தவர்கள் செக்காட்டும் தொழிலைப் பரம்பரையாகக் கொண்ட மானந்தர் சமூகத்தார். மரம் பாதியில் ஒருமுறை சாய்ந்து நின்றபோது, அத்தனை பெரிய கூட்டத்தில் ஓர் ஒலிகூட இல்லை. நிமிர்ந்து குழியில் அமர்ந்ததும் எழுந்த ஆரவாரத்தில் அரண்மனைக் கூரைப் புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. இந்திரனின் கொடி மேலே விரிந்தது. நேவார்கள் தம் மொழியில் இவ்விழாவை யெங்யா என்கிறார்கள். யெங் என்பது காட்மாண்டு நகரின் பெயர். நகரை அமைத்ததாகக் கூறப்படும் குணகாமதேவர் 10ஆம் நூற்றாண்டில் இதைத் தொடங்கியதாக மரபு.

எங்கள் பக்கத்து ஆளுக்கு இந்திர விழா என்ற சொல்லைக் கேட்டதும் பூம்புகார் நினைவுக்கு வராமல் போகாது. சீர்காழியிலிருந்து கிழக்கே போனால் காவிரி கடலில் கலக்கும் அந்த இடத்தில் இருபத்தெட்டு நாட்கள் இந்திரனுக்கு விழா எடுத்ததாக மணிமேகலை கூறுகிறது. பெற்ற பிள்ளையைக் கடலில் தொலைத்த துயரத்தில் சோழன் விழா எடுக்க மறந்ததும், அதனால் நகரைக் கடல் கொண்டதும் அதே காப்பியத்தில் உள்ள செய்தி. நம் விழா கதையாக நின்றுவிட்டது. இமயத்தின் அடிவாரத்தில் அதே கடவுளுக்குக் கொடி ஏறுவதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடப் பொறாமைதான் கூடுதலாக இருந்தது.

மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கார அம்மாள் எரியும் ஊதுவத்திக் கட்டுடன் கிளம்பினார். உபாகு வனேகு என்ற நடை அது. இறந்த உறவினர்களை நினைத்து, பழைய நகரின் எல்லையைச் சுற்றி, வழியிலுள்ள கோயில்களிலும் தூபிகளிலும் சிறு விளக்குகளை வைத்துக்கொண்டே போக வேண்டும். அவருடைய மாமியார் பங்குனி வாக்கில் இறந்திருந்தார். அத்தை வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "நான் வரலாமான்னு கேளு. எங்க வீட்டுல வருஷம் திரும்பலை" என்றார். நான் அதை இந்தியில் சொன்னபோது அந்த அம்மாள் ஏதோ தவறாகக் கேட்டுவிட்டதுபோல என்னை உற்றுப் பார்த்தார். வருடம் திரும்பாதவர்கள் வராமல் வேறு யார் வருவார்கள் என்பது அவருடைய கேள்வி. கையிலிருந்த ஊதுவத்தியில் பாதியைப் பிரித்து அத்தையிடம் நீட்டினார். பேச்சு அதோடு முடிந்தது.

இரண்டரை மணி நேரம் நடந்தோம். எல்லை என்றால் ஓர் அழகான மதில் என்று எண்ணிவிட வேண்டாம். இறைச்சிக் கடைகளின் பின்புறமும், சாக்கடை ஓரமும், மோட்டார் சைக்கிள்கள் உறுமும் சந்துகளும் சேர்ந்ததே இன்றைய எல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் முன்னே செல்பவரின் முதுகைப் பார்த்தபடி மெதுவாக நகர்ந்தார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. கடுகெண்ணெய் விளக்கு ஒன்று பத்து ரூபாய். பாதி வழியில் அத்தையின் செருப்பு வார் அறுந்தது. வழியோரம் நின்ற பள்ளிச் சிறுவன் ஒருவன் தன் கால்செருப்பைக் கழற்றி நீட்டினான். அத்தை அவன் தலையைத் தடவிவிட்டு வெறுங்காலோடு நடந்தார். கடைசி விளக்கை வைத்தபோது மாமாவின் பெயரை வாய்விட்டுச் சொன்னார். அதுவரை நான் அவர் வாயால் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

பசுபதிநாதர் தரிசனம் காலையில் நிறைவாக முடிந்தது. அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு மழை பிடித்தது. மழைக்காலம் முடியும் தறுவாயில் இங்கே வானம் காலையில் வெளுத்து, மதியத்துக்குமேல் இருண்டு, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஒன்றும் நடவாததுபோல் ஓய்ந்துவிடுகிறது. 600 ரூபாய் கொடுத்துக் குடை வாங்கினேன். அந்தக் குடையின் ஆயுள் இரண்டு மணி நேரம்.

இந்திர சௌக் என்ற சந்திப்பில் பாசிமணிச் சரங்கள் தொங்கும் கடைகளை அத்தை பார்த்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் ஒரு மணியோசையும் ஓலமும் கேட்டன. எரியும் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் ஓடிவர, அவர் பின்னால் வெள்ளை யானை ஒன்று தலைதெறிக்க வந்தது. புலுகிசி என்று அதற்குப் பெயர். மூங்கிற்பாயால் பின்னி, துணி போர்த்தி, கண்ணும் துதிக்கையும் எழுதிய உடலுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். கீலாகல் என்ற தெருவைச் சேர்ந்த இந்த யானை வேறு யாருமில்லை, இந்திரனின் ஐராவதம். காணாமல்போன எசமானனைத் தேடி நகரமெங்கும் ஓடுகிறது. தேடும் யானைக்கு ஒழுங்கு எதற்கு? திடீரென்று நின்றது, தன்னைத்தானே சுற்றியது, சுழன்ற வேகத்தில் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்தது. நான் பாசிமணிக் கடைக்குள் விழுந்தேன். குடை யானையின் காலடியில் போயிற்று. கடைக்காரர் அறுந்த சரங்களைப் பொறுக்கிக்கொண்டே என்னை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். அறுந்ததற்கும் பணம் வாங்கவில்லை, தேநீருக்கும் வாங்கவில்லை. யானை இடித்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். அத்தை கடையின் படியில் பத்திரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மாமா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால் குடைக்கான 600 ரூபாயை மன்னித்துவிட்டேன்.

இருட்டிய பின் மாஜிபா லாக்கே வந்தது. சிவந்த பெருமுகம், கோரைப்பல், தோள்வரை புரளும் மயிர், பாவாடை போன்ற சுற்றாடை. கூத்தில் அரக்கன் வேடம் கட்டி ஆடுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த உருவம் அச்சம் தரவில்லை. ஆடும் முறைதான் புதிதாக இருந்தது. தாளமும் மேளமும் விரைய விரைய லாக்கேயின் கால்கள் தரையை மிதிக்காமல் துழாவுகின்றன. தலை மட்டும் கனத்துத் தாழ்ந்து கூட்டத்தில் யாரையோ மோப்பம் பிடிப்பதுபோல் அசைகிறது. கூடவே ஓர் இளைஞன் ஓடிவந்து அதைச் சீண்டுகிறான். அது அவனைத் துரத்துகிறது. மாஜிபா தெருப் பெண் ஒருத்திமேல் காதல் கொண்டு காட்டிலிருந்து வந்த அரக்கனை, குழந்தைகளைக் காக்க வேண்டும், ஆண்டுதோறும் இவ்விழாவில் ஆட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஊரார் ஏற்றுக்கொண்டார்களாம். இந்த முகமூடியை அணியும் உரிமை, துணிக்குச் சாயம் ஏற்றும் தொழிலைப் பரம்பரையாகக் கொண்ட ரஞ்சித்கார் சமூகத்தாருக்கு உரியது.

செப்டம்பர் 17, செவ்வாய்

பெருநாள் இதுதான், அரசு விடுமுறையும்கூட. மூன்று தேர்கள் புறப்பட வேண்டிய நேரத்துக்கு வெகுமுன்பே, கோயில் படிக்கட்டுகள் எல்லாம் மனிதப் படிக்கட்டுகளாகிவிட்டன. 2015 நிலநடுக்கத்தில் இடிந்து மீண்டும் எழுப்பப்பட்ட கோயிலொன்றின் மூன்றாம் படியில், எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு குடும்பம் நெருங்கி உட்கார்ந்து அத்தைக்கு இடம் தந்தது. நான் நின்றேன். அந்தக் குடும்பத்தின் பாட்டி, இலைத்தொன்னையில் சமயபஜியை நீட்டினார். அவல், கறுப்புச் சோயாப் பயறு, இஞ்சி, அவித்த முட்டை, உளுந்து வடையை ஒத்த பாரா, ஓரத்தில் கருஞ்சிவப்பான இறைச்சித் துண்டுகள். "என்ன கறி?" என்று அத்தை கேட்க, நான் விசாரிக்க, எருமை என்று பதில் வந்தது. அத்தை முகம் மாறாமல் அந்தத் துண்டுகளை என் தொன்னைக்கு மாற்றினார். நான் அதைச் சாப்பிட்டேன். கடுகெண்ணெயும் மிளகாயும் சேர்ந்த நல்ல காரம். அவல் நம் ஊர் அவலேதான்.

அனுமான் தோகாவில் ஆண்டு முழுவதும் மரத்தட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும் சுவேத பைரவரின் பொன்முகம் இந்த விழாவில் மட்டும் திறக்கப்படுகிறது. ஆள் உயரத்தைவிடப் பெரிய அந்த முகத்தின் வாயிலிருந்து குழாய்வழியாக அரிசிக் கள் பீறிட, இளைஞர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி வாயால் பிடிக்கிறார்கள். கள்ளில் ஒரு சிறு மீனை விடுவார்களாம். அதை விழுங்குபவனுக்கு அந்த ஆண்டு யோகம். எனக்கு இதில் பெரிய ஈடுபாடு ஏற்படவில்லை. தள்ளுமுள்ளும் நாற்றமும் அதிகம். ஹல்சோக்கிலிருந்து வந்த நீலமுகப் பைரவரும் அவரது இரண்டு செம்முகத் துணைவர்களும் வாளேந்தி ஆடிய ஆட்டம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மூவரும் அலட்டிக்கொள்ளாமல், அளந்து வைத்தாற்போல் அடியெடுத்து, வாளைக் காற்றில் ஒரு கோடு போல இழுத்தார்கள்.

கணேசர், பைரவர் வேடமிட்ட இரு சிறுவர்களின் தேர்களுக்குப் பின்னால், வாழும் தெய்வமாக வணங்கப்படும் சிறுமியான குமாரியின் தேர் நகர்ந்தது. நெற்றி முழுவதும் சிவப்பு, கண்ணைச் சுற்றி நீண்ட மை, அசையாத உதடுகள். குடியரசுத் தலைவர் மாடத்திலிருந்து வணங்கிய அந்தச் சிறுமியை அத்தை கூர்ந்து பார்த்துவிட்டு, "புள்ளைக்குத் தூக்கம் வருது" என்றார்.

இரவு எட்டு மணிக்குமேல் மரு சதுக்கத்துக்குப் போனோம். 2015இல் தரைமட்டமாகி, பழைய முறைப்படியே மரத்தால் திரும்பக் கட்டப்பட்ட காஷ்டமண்டபம் அங்கேதான் இருக்கிறது. அருகிலுள்ள மேடையில், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நிற்கும் இந்திரனை வைத்திருந்தார்கள். வரம் தரும் கை அல்ல, பிடிபட்டவனின் கை. வீட்டுக்கார அம்மாள் அங்கே வைத்துத்தான் முழுக்கதையையும் சொன்னார். இந்திரனின் தாய்க்கு ஒரு நோன்புக்காகப் பவழமல்லிப் பூ வேண்டியிருந்தது. மகன் குடியானவன் வேடத்தில் இந்த ஊருக்கு வந்து, மருஹிட்டி என்ற நீர்த்தூம்பின் அருகே பூப்பறிக்கும்போது, ஊரார் திருடன் என்று பிடித்துக் கட்டிச் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். யானை தேடியது, பிறகு தாயே தேடி வந்தாள். பிடிபட்டவன் யார் என்று தெரிந்து நடுங்கிய ஊரார் அவனை விடுவித்தார்கள். அதற்கு ஈடாக, குளிர்காலம் முழுவதும் பயிருக்குப் பனி தருவதாகத் தாய் வாக்களித்தாள். இந்த விழாவுக்குப் பிறகுதான் பள்ளத்தாக்கில் காலை மூடுபனி தொடங்குகிறது என்பது இவர்கள் கணக்கு.

மழைக்கு அதிபதியைக் கையில் பிடித்து வைத்திருந்தவர்கள், கேட்டதும் பெற்றதும் வெறும் பனிதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது, அதைச் சொல்லியும்விட்டேன். அத்தை திரும்பி, "உளுந்து எதுல விளையுதுன்னு நெனச்சே?" என்றார். சம்பா அறுவடைக்கு முன்னால் ஈர வயலில் தெளிக்கும் உளுந்துக்கும் பயறுக்கும் எங்கள் ஊரில் யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. நிலத்தில் மிஞ்சிய ஈரமும் தைப் பனியும்தான் அவற்றை வளர்க்கின்றன. நாற்பது ஆண்டு வயல் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களைப் பனிக்கென்றே ஒதுக்கிய மொழியைப் பள்ளியில் கற்பித்துக்கொண்டிருக்கும் எனக்குத்தான் அது தேவைப்பட்டது.

குமாரியின் தேர் நகரின் கீழ்ப்பாதியைச் சுற்றிவிட்டு மருவுக்குள் நுழைந்ததும், தெற்குச் சந்திலிருந்து நாணலால் கட்டிய ஒரு நீண்ட பாம்பு, முதுகு நெடுக அகல் விளக்குகளோடு, தோள்களின்மேல் மிதந்து வந்தது. பௌ மத என்று அதற்குப் பெயர். அது கடந்த சிறிது நேரத்தில் டாகிம் வந்தாள். இந்திரனின் தாய் முகமூடியை அணிந்த ஒருவர், பின்னால் சிறு இசைக்குழு, அதற்குப் பின்னால் ஊர். பகலெல்லாம் பார்த்த முகமூடிகள் நின்று ஆடின, கூட்டத்தை விரட்டின, காணிக்கை வாங்கின. இந்த முகமூடி எதற்கும் நிற்கவில்லை. இடமும் வலமும் திரும்பித் தேடியபடி, கிட்டத்தட்ட ஓட்டமாக, காஷ்டமண்டபத்தின் மேற்குப் பக்கமாக வடக்கு நோக்கிப் போய்விட்டது. அவ்வளவு பெரிய விழாவில் நான் மிகக் குறைந்த நேரம் கண்டது அதைத்தான். ஒரு நிமிடம்கூட இருக்காது.

செப்டம்பர் 18, புதன்

அந்த ஆண்டில் இறப்பு நேர்ந்த வீட்டார் டாகிமைப் பின்தொடர்ந்து, பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் டஹசோக் மலைமேலுள்ள இந்திர தஹம் என்னும் குளத்துக்குப் போய் நீராடுவது வழக்கம். வீட்டுக்கார அம்மாள் இரவோடு இரவாக நடந்து போனார். நாங்கள் விடியற்காலை நான்கரைக்கு 1,500 ரூபாய் பேசி வாடகைக் காரில் போனோம். மேலே சேறாகிவிட்ட பாதையில் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார்; மீதி நடை. "மலைக்கோயில் கூடாதுன்னீங்களே" என்று கேட்டேன். "இது கோயில் இல்லை, குளம்" என்றார் அத்தை.

பெரிய ஏரி ஒன்றை எதிர்பார்த்து ஏறினேன். இருந்தது மரங்களுக்கு நடுவே ஒரு சிறு குளம். எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் பாதிகூட இல்லை. பள்ளத்தாக்கு முழுவதையும் பனி மூடியிருந்ததால், கீழே ஒரு நகரம் இருப்பதே தெரியவில்லை. இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. போதிசத்துவர் மஞ்சுஸ்ரீ வாளால் சோபார் மலையைப் பிளந்து நீரை வடித்தார் என்பது புராணம். ஏரிப்படுகை என்பதை மண்ணியலும் ஒப்புக்கொள்கிறது. அன்று காலை அந்த ஏரி திரும்ப வந்துவிட்டதுபோல் இருந்தது.

அந்த ஆண்டு இறந்தவர்களின் உயிர்களைத் தாய் தன்னோடு விண்ணுக்கு அழைத்துப்போனாள், போகும் வழியில் பிடி நழுவி அவர்கள் இந்தக் குளத்தில் விழுந்தார்கள் என்று வீட்டுக்கார அம்மாள் சொன்னார். சிலர் மூழ்கி எழுந்தார்கள். சிலர் தலையில் தெளித்துக்கொண்டார்கள். அத்தை முழங்கால்வரை இறங்கி, சேலையை ஒரு கையால் பிடித்தபடி வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கரையில் 40 ரூபாய்த் தேநீரோடு காத்திருந்தேன். வெளியே வந்து, "தண்ணி ஜில்லுனு இருக்கு" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அன்று மாலை நகரின் மேற்பாதியில் தேர் ஓடியது. நாங்கள் தூங்கிவிட்டோம்.

செப்டம்பர் 19, வியாழன்

மருஹிட்டி கதை மனத்தில் நின்றதால், ஹிட்டி என்பதைக் கூட்டமில்லாத இடத்தில் பார்க்க வேண்டும் என்று பக்கத்து நகரமான பாட்டனுக்குப் போனோம். அரண்மனைச் சதுக்கத்தின் ஓரத்தில், தெருமட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போகும் மங்கா ஹிட்டி இருக்கிறது. மகரவாய் வடித்த மூன்று கல்தூம்புகளிலிருந்து நீர் விழுகிறது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிம்மவிஷ்ணு காஞ்சியை ஆண்ட காலத்தை ஒட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். இன்றும் குடங்களும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கேன்களும் வரிசையில் காத்திருக்கின்றன. தாகம் என்று சைகை காட்டிய அத்தைக்காக ஒரு பெண் தன் கேனை எடுத்து வழிவிட்டார். மண்ணுக்கடியில் சரளையும் மணலும் வடிகட்டி, குளங்களும் கால்வாய்களும் ஊட்டிவந்த இந்த ஏற்பாட்டில், பல ஹிட்டிகள் கட்டடங்களின் அடித்தளங்களாலும் ஆழ்துளைக் கிணறுகளாலும் வறண்டுவிட்டன.

எங்கள் விடுதிக் குழாயில் நீர் நூலாக வந்ததன் காரணமும் அன்றுதான் தெரிந்தது. மேலம்சி ஆற்றிலிருந்து 26 கிலோமீட்டருக்கும் நீண்ட சுரங்கத்தின் வழியே காட்மாண்டுவுக்கு 2021 மார்ச்சில் நீர் வந்தது. அதே ஆண்டு ஜூன் வெள்ளம் தலைமதகைப் பாறைகளால் மூடிவிட்டது. அன்று முதல் மழைக்காலத்தில் அந்த நீரை நிறுத்திவிடுகிறார்கள். மழை கொட்டும் மாதங்களில் குழாய் வறள்கிறது என்பதை அத்தை இரண்டு முறை திரும்பச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் பாக்மதி ஆற்றுப் பாலத்தில் கொஞ்சநேரம் நின்றோம். கரும்பழுப்பாக, கரையோடு கரையாக, நாற்றத்தோடு ஓடியது. இதை நான் ஊர் திரும்பிய பின் எழுதுகிறேன். நாங்கள் புறப்பட்டு ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 27, 28 நாட்களில் பெய்த பேய்மழையில் இதே ஆறும் அதன் கிளைகளும் கரையுடைத்தன. நேபாளம் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டுக்கார அம்மாளைத் தொலைபேசியில் பிடிக்க இரண்டு நாட்கள் ஆயின. அவர்கள் தெரு மேட்டில் இருந்ததால் தப்பியது.

செப்டம்பர் 20, வெள்ளி

அத்தைக்குக் கணுக்கால் வீக்கம். கடுகெண்ணெயைச் சுடவைத்து வீட்டுக்கார அம்மாளே தேய்த்துவிட்டார். நான் காய்கறி மோமோ வாங்கி வந்தேன், பத்துக்கு 160 ரூபாய்; எள்ளும் தக்காளியும் அரைத்த சட்னி அருமை. கறி எதுவும் இல்லை என்று மூன்று முறை உறுதிசெய்த பிறகே அத்தை தொட்டார்.

செப்டம்பர் 21, சனி

கடைசி நாள். தேர் மூன்றாம் முறையாக, கீலாகல் பக்கமாகப் போகிறது. மல்ல அரசர் ஜெயப்பிரகாசரின் காதலி ஒருத்தி தன் தெருவுக்குத் தேர் வரவில்லை என்று குறைபட்டதால் சேர்க்கப்பட்ட நாள் இது என்கிறார்கள். குறைபட்டால் கிடைக்கும் என்பதற்கு அரசாங்க முன்னுதாரணம் இருப்பது நல்லதுதான்.

இரவு யோசிங்கை இறக்கினார்கள். ஏற்றியபோது இருந்த சிப்பாய் வரிசையோ பேரமைதியோ இல்லை. தூறலில், கயிற்றைத் தளர்த்தத் தளர்த்த, ஒரு வாரமாக மழையில் நனைந்து கறுத்திருந்த மரம் சாய்ந்து தரையைத் தொட்டதும், குழந்தைகளும் கிழவிகளும் ஓடிப்போய் அதைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள். அத்தையும் நொண்டிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டு வந்தார்.

காகிதக் கூழில் செய்த லாக்கே முகமூடிகளை விற்றவர், விழா முடிந்துவிட்டதால் 500 ரூபாய் முகமூடியை 200க்குக் கொடுத்தார். பேரனுக்கென்று அத்தை ஒன்று வாங்கினார். பெட்டியில் வைத்தால் நசுங்கும் என்று மறுநாள் விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சென்னையில் பையைச் சோதித்த அதிகாரி முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யாரும்மா இது?" என்று கேட்டார். "அரக்கன். ஆனா புள்ளைங்களைப் பார்த்துக்குவான்" என்றார் அத்தை. அதிகாரி ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். முந்தின இரவுத் தூறலில் நனைந்திருந்த சிவப்புச் சாயம் அத்தையின் சந்தன நிறச் சேலையில் உள்ளங்கை அகலத்துக்கு இறங்கியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம். மூன்று முறை துவைத்தாயிற்று, இன்னும் போகவில்லை.